துறைமுகப் பட்டினமா, கடலோரக் கிராமமா?



பிறந்த வீடு, பிறகு கல்யாணம் முடித்துப் போன வீடு, யுத்தம் வந்தபோது ஓடி ஒதுங்கிய இடம், முகாமில் அளந்து தந்த கொட்டில். எங்களில் பலர் இதுவரை வாழ்ந்த இடங்கள் இவைதான். இவற்றில் ஒன்றையேனும் நாங்களாகத் தெரிவு செய்ததில்லை. இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. மகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணம், சீட்டு எடுத்த பணம், பழைய ஊர்க் காணியை விற்ற பணம் என்று ஒரு சிறு தொகை கைக்கு வரும்போது, "எங்கே குடியிருப்பது?" என்ற கேள்வி முதன்முறையாக ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நான் பணிபுரியும் இடங்களில் அது பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் வரும். கற்பிட்டி நகரத்திலா, கடலை அண்டிய கிராமம் ஒன்றிலா? இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

கற்பிட்டி பழைய துறைமுகப் பட்டினம். ஒருபக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் புத்தளம் களப்பு, இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தின் வடபகுதியில் அது இருக்கிறது. அரபுப் பயணி இப்னு பதூதா 1344 இல் வந்திறங்கிய 'பத்தாளா' என்ற ஊர் புத்தளமே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்வதால், இந்தக் கரைக்குக் கப்பல் வந்த கதை மிகப் பழையது. போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1667 தொடக்கம் 1676 வரை கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. அது கடற்படையினரின் பொறுப்பில் உள்ளது. ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயமும் அங்கே உண்டு.

ஆனால் எங்களுக்கு அந்தக் கரையின் வரலாறு 1990 ஒக்டோபரில் தொடங்குகிறது. விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியவர்கள் வந்திறங்கியது கற்பிட்டியில்தான். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் அதிகமானோரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். உள்ளூர் மக்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துவிட்டார்கள், சோறு சமைத்துக் கொடுத்தார்கள். காலம் போகப்போக காணிக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் நெருக்கடி வந்தது, மனக்கசப்பும் வந்தது. ஒரு கரையில் விருந்தாளியாக இறங்கியவர்கள் நீண்டகாலம் 'அகதி' என்ற பெயரோடு வாழ வேண்டியிருந்தது. பிற்காலத்தில் வன்னியிலிருந்து உறவுமுறை தேடி வந்த தமிழ்ச் சகோதரிகளும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது புதிய கதையல்ல.

கிராமங்கள் வேறு விதம். ஆலங்குடா, கண்டக்குழி, தெற்கே உடப்பு என்று சொல்லிக்கொண்டு போகலாம். மீன்வாடிகள், கரைவலை இழுப்பு, கருவாடு காயும் வாசம், உள்ளே தள்ளி வெங்காய, மிளகாய்த் தோட்டங்கள். ஆலங்குடா போன்ற இடங்களில் முன்னர் முகாம்களாக இருந்தவை இன்று ஓட்டு வீடும் கல் வீடுமாகக் கிராமங்களாகிவிட்டன. அதே கடற்கரையில் வெளிநாட்டவர்கள் தங்கும் விடுதிகளும் எழுந்துள்ளன. டொல்பினையும் திமிங்கிலத்தையும் பார்க்க அவர்கள் வருகிறார்கள். விடுதிகள் வந்ததும் காணி விலை ஏறியது. கடற்கரைக்குப் போகும் பழைய ஒழுங்கைகள் சில இடங்களில் வேலிக்குள் அகப்பட்டன. சற்றுத் தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் இயங்குகிறது. அங்கிருந்து வரும் நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி அயல் கிராமத்தவர்கள் முறையிட்டு வருகிறார்கள்.

இனி ஒரு ராத்தாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். 1990 இல் கைக்குழந்தையோடு வள்ளத்தில் வந்தவர். ஓலைக் கொட்டிலில் தொடங்கி, பிறகு இன்னொருவர் காணியில் போட்ட சிறு வீட்டில் இத்தனை வருடமும் வாழ்ந்தவர். கணவர் இறந்துவிட்டார். இடியப்பம் அவித்து விற்று இரண்டு மகள்மாரை வளர்த்தார். இளைய மகள் குவைத்தில் வேலைசெய்து சேர்த்த பணத்தை உம்மாவின் கையில் கொடுத்து, "உங்கட பேர்ல ஒரு இடம் வாங்குங்க உம்மா" என்றிருக்கிறாள்.

இரண்டு இடங்கள் விலைக்கு வந்தன. ஒன்று கற்பிட்டி நகரில் 6 பேர்ச்சஸ் நிலத்தில் ஒரு பழைய வீடு. மற்றது கிராமத்தில், கடல் தெரியும் தூரத்தில், 20 பேர்ச்சஸ் வெறுங்காணி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. தம்பியின் வீடு கிராமக் காணிக்குப் பக்கத்தில் இருந்ததால் அவர் கிராமத்தையே சொன்னார். மூத்த மகள் 'ரவுண்தான் வேணும்' என்றாள். ராத்தாவுக்கு எது விருப்பம் என்று இருவருமே கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "மிஸ், நீங்க படிச்ச ஆள். எது நல்லமெண்டு சொல்லுங்க" என்றார்.

அதைச் சொல்வது என் வேலையல்ல. அங்கே இரவில் படுத்தெழும்பப் போகிறவர் அவர். ஆனால் தீர்மானிப்பதற்கு முன் ஐந்து விடயங்களை அவரே நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, ஊரை அதன் கெட்ட காலத்தில் பாருங்கள். காணி விற்பவர் மாசி, பங்குனியில்தான் காட்டுவார். அப்போது கடல் பாய்விரித்தது போலக் கிடக்கும். கரையில் மீன் குவிந்திருக்கும், எல்லார் கையிலும் காசு புழங்கும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அதே கரைக்குப் போய்ப் பாருங்கள். மேற்குக் கடல் கொந்தளிப்பதால் வெளியூர்ச் சம்மாட்டிமார் வாடிகளை விட்டுப் போயிருப்பார்கள். கரைவலை ஓய்ந்திருக்கும். மணல் வீட்டுக்குள் பறக்கும். அந்த நாட்களில் கடைக்காரர் கடன் கொடுக்கிறாரா, பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். நகரத்தையும் அப்படியே சோதியுங்கள். பெருநாளுக்கு முந்திய சந்தையில் நகரம் அழகாக இருக்கும். மாதக் கடைசியில், வாடகையும் மின்கட்டணமும் ஒன்றாக வரும் நாளில், உங்களைப் போன்ற ஒரு பெண் அங்கே எப்படிச் சமாளிக்கிறாள் என்று விசாரியுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கற்பிட்டிக் குடாநாட்டில் மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அந்தப் படையைத்தான். மோட்டார் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலேறிவிடும். அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் பசளை இந்த மணலில் தங்குவதில்லை, நேரே கிணற்று நீரில் போய்ச் சேர்கிறது. இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து குழந்தையின் உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். ஆகவே காணியில் கிணறு இருக்கிறது என்பதோடு திருப்திப்படாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, நீரை எங்கே பரிசோதிக்கலாம் என்று கேளுங்கள். குழாய் நீர் என்றால் எத்தனை மணிக்கு வரும், எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மூன்றாவது, பத்திரம். இதில்தான் எங்கள் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முத்திரையில் கையொப்பம் வைத்த ஒரு துண்டுக் கடதாசி உறுதி ஆகாது. பிரசித்த நொத்தாரிசு எழுதிய உறுதி, நில அளவை வரைபடம், காணிப் பதிவகத்தில் உள்ள பதிவு ஆகிய மூன்றையும் பாருங்கள். கடற்கரையோரக் காணி என்றால் இன்னுமொரு கேள்வி உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்ட அனுமதி பெற வேண்டும். கடல் தெரியும் காணி மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பத்திரத்தில் யாருடைய பெயர் என்பது அதைவிடப் பெரிய விடயம். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போவது வழமை. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். 2004 சுனாமிக்குப் பின் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்தது. அதில் கணவரின் பெயர் எழுதப்பட்டது, வீடும் அவர் பெயருக்குப் போனது. தாய்வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த உரிமையை ஒரு படிவத்தின் ஒரு கட்டம் மாற்றிவிட்டது. சமூகவியல் வகுப்பில் 'குடும்பத் தலைமை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதை இந்தச் சம்பவத்திலிருந்துதான் விளங்கிக்கொண்டேன்.

அரச காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பின்னுரித்தாளர் பெயர் குறிப்பிடாமல் ஒருவர் இறந்தால் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022 இல் அந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. எனினும் பெயரை நீங்கள் இருக்கும்போதே எழுதி வைப்பதுதான் நல்லது. வடக்கில் காணி உள்ள, தேசவழமைக்கு உட்பட்ட சகோதரிகள் தமது காணியை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அவர் விட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். கணவர் காணாமலாக்கப்பட்டிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி காணக்கிடைக்காமைக்கான சான்றிதழைப் பெறலாம். 'இறந்துவிட்டார்' என்று எழுதாமலே சில சொத்து விடயங்களைக் கவனிக்க அது வழி செய்கிறது. இவற்றுக்கெல்லாம் சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் இலங்கை சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவுகிறார்கள்.

நான்காவது, உங்கள் கைக்கு வரும் காசு. 'அங்கே தொழில் இருக்கு' என்று ஆண்கள் சொல்வது பெரும்பாலும் ஆண்களின் தொழிலைப் பற்றியது. ஒரு கொப்பியில் தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த ஊரில் ஒரு பெண் என்ன உழைக்கலாம் என்று நிரப்புங்கள். கருவாடு, நண்டு தெரிதல், வெங்காயம் நடுகையும் அறுவடையும் கிராமத்தில் உண்டு, ஆனால் மாதம் மாறும். நகரத்தில் கடைக்குச் சாப்பாடு கொடுத்தல், தையல், வீட்டு வேலை வருடம் முழுவதும் இருக்கலாம், ஆனால் வாடகை அதில் பாதியைத் தின்னும். கொப்பியில் எத்தனை மாதம் வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள்.

ஐந்தாவது, ஆட்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவீர்கள்? அவர் எழும்பி வருவாரா? பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டி வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு ஒரே பிரதான வீதிதான். அந்த வீதியிலிருந்து உங்கள் காணி எவ்வளவு தூரம்? மணல் ஒழுங்கையில் ஆட்டோ வருமா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? உறவினர் பக்கத்தில் இருப்பது ஒரு பலம். அதே உறவினர் நீங்கள் யாரோடு பேசுகிறீர்கள், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள் என்று கணக்கெடுப்பவராகவும் இருக்கலாம். இரண்டையும் தராசில் வையுங்கள்.

ராத்தா இவற்றைச் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. ஆடி மாதம் தம்பி வீட்டில் பத்து நாள் தங்கினார். காற்றில் அடுப்பு பற்றவில்லை. கிணற்று நீரில் தேநீர் கரித்தது. கடல், அந்தக் காணியின் எல்லைத் தென்னைகள் இரண்டின் வேரைத் தோண்டியிருந்தது. விற்பவரிடம் இருந்தது ஒரு துண்டுக் கடதாசி மட்டுமே. கிராம சேவையாளரிடம் விசாரித்தபோது அந்த இடம் அரச காணியாக இருக்கலாம் என்றார். பிறகு கற்பிட்டி வீட்டுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்து பார்த்தார். உறுதி சரியாக இருந்தது, வைத்தியசாலை நடை தூரம், இடியப்பத்துக்குக் கடைகளும் உண்டு. ஆனால் வெயில் உள்ளே வராத அந்த அறைகளில் தனியே இருந்தபோது மூச்சு முட்டியது என்றார். "முப்பது வருசத்துக்கு மேல கூட்டத்தோட இருந்து பழகிட்டன் மிஸ். ரவுணில கதவைப் பூட்டிட்டு இருக்க ஏலாது."

அவர் இரண்டையும் வாங்கவில்லை. அதே கிராமத்தில் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, பஸ் போகும் வீதிக்கு அருகே, உறுதியுள்ள 10 பேர்ச்சஸ் காணியைத் தன் பெயரில் வாங்கினார். இதற்கு அவர் கொடுத்த விலை காசு மட்டுமல்ல. கடற்காற்று இல்லை. பணம் காணியோடு முடிந்துபோனதால் வீடு இன்னும் பூசாத சுவரும் தகரக் கூரையுமாக இருக்கிறது. சொல் கேட்கவில்லை என்று தம்பி பல நாள் பேசவில்லை. குடிநீரைக் காசு கொடுத்தே எடுக்கிறார். "எல்லாம் குறைதான். ஆனா எழும்பு எண்டு சொல்ல ஆளில்ல" என்கிறார்.

இதைக் கேட்டு எல்லாரும் கிராமத்துக்குப் போக வேண்டியதில்லை. இன்னொரு சகோதரி, கணவரை 2009 இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் தொலைத்தவர், இதே ஐந்து கேள்விகளுக்கும் விடை தேடி நேரெதிரான தீர்மானத்துக்கு வந்தார். கடலோரக் கிராமத்தில் சின்னம்மா வீட்டில் வாடகையில்லாமல் இருந்தவர், அதை விட்டுக் கற்பிட்டி நகரில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். தகப்பன் முகம் தெரியாத மகன் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கிறான். மாலை வகுப்பு முடிந்து வெளிச்சமுள்ள தெருவில் வீட்டுக்கு நடந்து வருகிறான். கிராமத்தில் நல்லநாள் கெட்டநாளுக்குப் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதைக்கூட மற்றவர்கள் தீர்மானித்தார்கள். நகரத்தில் யாரும் கேட்பதில்லை. வாடகை கொடுக்கும் நாள் வந்தால் நெஞ்சு இடிக்கும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆளில்லை என்றும் அவரே சொல்கிறார். அதை அறிந்தே அவர் தெரிவு செய்தார்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது இப்படியொரு தெரிவு வந்திருந்தால் அவசரப்படாதீர்கள். 'இன்றைக்கே முற்பணம் தராவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்' என்று சொல்லும் காணியை வேறு ஆளே வாங்கட்டும். உறுதியை ஒரு சட்டத்தரணி பார்க்கும் வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். ஒரு கச்சான் காலத்தையாவது அந்த ஊரில் கழித்துப் பாருங்கள். மகனோ தம்பியோ மருமகனோ சொல்வதை மரியாதையாகக் கேளுங்கள், பிறகு உங்கள் விருப்பத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கையொப்பம் வைக்கும் நாளில் பத்திரத்தில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

வாங்கிய உறுதியைத் தலையணைக்குக் கீழே வைக்க வேண்டாம். பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். வள்ளத்தில் ஏறிய அவசரத்தில் பத்திரங்களை விட்டு வந்த எங்கள் தாய்மார் பட்ட பாடு போதும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.